பார்வையில் அகப்பட்ட யானை

2023 மே 27, சனிக்கிழமை காலை. கம்பம் நகரத் தெருக்களில் ஒற்றை ஆண் யானையொன்று ஓடியது. நம் செய்தித்தாள்கள் அதை அரிசிக்கொம்பன் என்றும் அரிக்கொம்பன் என்றும் எழுதின.

இடுக்கி மாவட்டம் சின்னக்கானலில் ரேஷன் கடைகளை உடைத்து அரிசி தின்று பழகிய யானை அது. ஏப்ரல் 29 அன்று கேரள வனத்துறையினர் மயக்க ஊசி செலுத்திப் பிடித்து, கழுத்தில் ரேடியோ காலர் பூட்டி, பெரியாறு புலிகள் காப்பகத்தில் விட்டனர். அங்கிருந்து மேகமலை வந்து, பின் பள்ளத்தாக்கில் இறங்கியது.

அன்று அதை இரு வகைக் கண்கள் தொடர்ந்தன. ஒன்று கழுத்துப்பட்டை. அதன் சுமையை யானை உணர்ந்திருக்கலாம். அதன் வழியே தான் பார்க்கப்படுவதை உணர வழியில்லை. மற்றவை, மாடிகளிலும் தெருமுனைகளிலும் கைப்பேசியோடு நின்ற நம் கண்கள். புளியந்தோப்பொன்றில் ஒதுங்கி நின்ற யானையின் தலைக்கு மேல் ஒரு டிரோன் பறந்தது. மிரண்டு வெளியே ஓடியது. ஊருக்குள் அதன் ஓட்டத்தில் காயமுற்ற ஒருவர் மே 30 அன்று மருத்துவமனையில் இறந்தார்.

பார்க்கப்படும் உயிர் தன் நடத்தையை மாற்றிக்கொள்ளும் என்பது புதிய செய்தியன்று. அருகில் பெட்டைக்கோழி இருந்தால் சேவல் பருந்துக்கான எச்சரிக்கைக் குரலை மிகுதியாக எழுப்புகிறது. தனித்திருந்தால் பெரும்பாலும் அடக்கிக்கொள்கிறது. 1986இல் பீட்டர் மார்லரும் உடன் ஆய்வாளர்களும் இதைக் காட்டினர். தென்னிந்திய யானைகளைப் பற்றி 2019இல் வெளியான ஆய்வு இன்னொன்றைச் சொன்னது: இயல்பாகத் தனித்துத் திரியும் இளம் ஆண்கள், பயிர் நிலங்களும் மனிதரும் மிகுந்த பகுதிகளில் பெருங்கூட்டமாகச் சேர்கின்றன. நம் அண்மை அவற்றின் உறவுமுறையையே மாற்றுகிறது. அரிசிக்கொம்பனுக்கோ அப்படிச் சேரத் துணையில்லை. அது அறிந்த யானைகள் மலைக்கு அப்பால் இருந்தன. கம்பத்தில் அதைச் சூழ்ந்திருந்த கூட்டம் நாம்தான்.

அன்று 144 தடையுத்தரவு பிறப்பிக்கப்பட்டது. மனிதர் கூடிப் போராடுவதைத் தடுக்கவே நாம் அறிந்த அச்சட்டம், அம்முறை ஒரு யானையை நாம் கூடிப் பார்ப்பதைத் தடுக்க வந்தது.

ஜூன் 5 விடியுமுன் சின்ன ஓவுலாபுரத்தை ஒட்டிய பகுதியில் தமிழக வனத்துறை அதைப் பிடித்தது. மறுநாள் களக்காடு முண்டந்துறை புலிகள் காப்பகத்தின் மேல் கோதையாறு காட்டில் விட்டது.

கம்பத்தின் வரலாற்றில் யானை ஊருக்குள் வந்ததென்று எழுதுவோம். அதை நாம் பார்க்கச் சென்றதையும் சேர்த்தே எழுதவேண்டும்.