சிட்டையில் தெரியாதது பேரேட்டில் தெரிந்தது

சர்க்கரை வியாதியை அறியாத வீடு நம்மவர்களிடையே அபூர்வம். அந்த வியாதியை ஆராயப் போன இடத்தில்தான் ஒரு புதுக் கணக்குமுறை பிறந்தது.

2003-ல் வம்சி மூதாவும் கூட்டாளிகளும் 'நேச்சர் ஜெனடிக்ஸ்' இதழில் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். 43 ஆண்களின் தசைத் துணுக்குகளில் 22,000-க்கும் மேற்பட்ட மரபணுக்கள் எவ்வளவு வேலை செய்கின்றன என்று அளந்தார்கள். வியாதி உள்ளவர், இல்லாதவர் என்று ஒப்பிட்டால், தனி மரபணு ஒன்றுகூடத் தேறவில்லை. பிறகு மரபணுக்களை வேலைவாரியாக 149 தொகுதிகளாக்கிப் பார்த்தார்கள். செல்லுக்குள் ஆக்சிஜனைக் கொண்டு சக்தி உண்டாக்கும் தொகுதியில் பத்துக்கு ஒன்பது மரபணுக்கள் ஒரே பக்கமாக இறங்கியிருந்தன. இறக்கம் சுமார் 20 சதவீதம், அவ்வளவுதான். சரக்குக்குச் சரக்கு கால் ரூபாய் குறைந்தால் சிட்டையில் யார் கண்ணுக்கும் படாது. பேரேட்டில் ஒரே தலைப்பில் சேர்த்தால் பட்டுவிடும். கடைக்காரனுக்கு இது புரியாத விஷயமில்லை.

2005-ல் அரவிந்த் சுப்ரமணியன் முதலானோர் இதை முறையாக வகுத்தார்கள். 'ஜீன் செட் என்ரிச்மென்ட்' என்று பெயர். தொகுதிச் செறிவாய்வு என்று நாம் சொல்லலாம். எல்லா மரபணுக்களையும் ஏற்ற இறக்கப்படி வரிசையாக்கி, மேலிருந்து எண்ணிக்கொண்டே வரவேண்டும். தொகுதியைச் சேர்ந்தது வந்தால் கூட்டல், வராவிட்டால் கழித்தல். கணக்கு பூஜ்யத்திலிருந்து அதிகம் விலகும் அளவே மதிப்பெண். அது தற்செயலா என்று பார்க்க, யார் நோயாளி என்ற சீட்டுகளைக் குலுக்கிப்போட்டு மறுபடி மறுபடி எண்ணுவார்கள்.

அதே கட்டுரையில் பாஸ்டனிலும் மிச்சிகனிலும் நடந்த இரண்டு நுரையீரல் புற்றுநோய் ஆய்வுகளை ஒப்பிட்டார்கள். முதல் நூறு மரபணுக்களில் இரண்டுக்கும் பொதுவானவை பன்னிரண்டே! யாரை நம்புவது? தொகுதியாகப் பார்த்தபோது, தேறியவற்றில் ஏறக்குறையப் பாதி இரண்டிலும் ஒத்துப்போயின.

பல ஆய்வுகளைச் சேர்த்துக் கணக்கிடுவது பழைய வித்தை. கார்ல் பியர்சன் 1904-லேயே டைபாய்டு தடுப்பூசி விவரங்களை அப்படிச் சேர்த்தார். 'மெட்டா அனாலிசிஸ்' என்று ஜீன் கிளாஸ் பெயர் சூட்டியது 1976-ல். ரோட்ஸ், அருள் சின்னையன் முதலானோர் 2002-ல் நான்கு புராஸ்டேட் புற்றுநோய் ஆய்வுகளை இணைத்தார்கள். (சுப்ரமணியன், சின்னையன் என்ற பெயர்களைக் கண்டால் நமக்குக் கண் நின்றுவிடுகிறது!)

இரண்டு ஓடைகளும் சேரும் இடத்தில் ஒரு வழக்கு உண்டு. முதலில் மரபணுக்களை ஆய்வுக்கு ஆய்வு சேர்த்துப் பிறகு தொகுதி பார்ப்பதா, ஆய்வுதோறும் தொகுதி பார்த்துவிட்டுப் பிறகு சேர்ப்பதா? 2010-ல் ஷென், ட்செங் இருவரும் இரண்டையும் செய்து பார்த்தார்கள். ஒன்றில் அகப்படாதது மற்றதில் அகப்பட்டது. எனவே இரண்டையும் இணைத்தே ஒரு முறை வகுத்தார்கள். எனக்கு இது நியாயமாகவே படுகிறது.

தொகுதிகள் மனிதர் போட்ட தலைப்புகள் என்பதை மறக்கக்கூடாது. 2005-ல் அந்தப் பட்டியலில் 1,325 இருந்தன. இப்போது முப்பதாயிரத்துக்கும் மேல். தலைப்பு கூடக் கூடத் தற்செயலாய்ப் பொருந்துவதும் கூடும். அதற்கும் கழிவு போட்டுத்தான் கணக்கை முடிக்கிறார்கள்.