சித்திரை வெயிலில் கேமிங் லப்ரொப்: காற்று போய்வர வழி இருக்கிறதா?

யாழ்ப்பாணத்தில் கேமிங் லப்ரொப் வைத்திருக்கும் பலர், எனக்குத் தெரிந்தவரை, அதில் விளையாடுவதில்லை. கலியாணவீட்டு, சாமத்தியவீட்டு வீடியோக்களை எடிற் பண்ணி ரொறன்ரோவுக்கும் லண்டனுக்கும் அனுப்புகிறவர்கள், கட்டட வரைபடங்களை முப்பரிமாணத்தில் செய்கிற மாணவர்கள், வீட்டில் இருந்தபடியே வெளிநாட்டு நிறுவனங்களுக்கு வேலை செய்கிறவர்கள் என்று அது ஒரு தொழிற்கருவியாகிவிட்டது. என்னிடம் இருப்பதும் அப்படித்தான். காணாமல் ஆக்கப்பட்டோரின் உறவுகளிடம் மணிக்கணக்கில் பதிவுசெய்த காணொலிகளை வெட்டித் தொகுக்க, தனிக் கிராபிக்ஸ் அட்டை உள்ள இயந்திரம் தேவைப்படுகிறது. மேசைக் கணினி வாங்கலாம்தான். ஆனால் மின்சாரம் நின்ற கணமே அதுவும் நின்றுவிடும்.

2022 மார்ச் தொடக்கத்தில் ஒரு அமெரிக்க டொலர் ஏறத்தாழ 200 ரூபாய். மே மாதத்தில் அது 360 ரூபாயைத் தொட்டது. அதன்பிறகு ஒரு கேமிங் லப்ரொப்பை மாற்றுவது என்பது பல குடும்பங்களுக்கு நினைத்துப் பார்க்க முடியாத செலவு. அண்ணாவோ மாமாவோ வெளிநாட்டில் இருந்து கொண்டுவந்து தந்ததென்றால் இங்கே உத்தரவாதம் கிடைக்காமல் போகவும் கூடும். ஆகவே கையில் உள்ளதைச் சூட்டில் இருந்து காப்பாற்றுவதுதான் வழி. அதற்கு முதலில் காசு செலவழிக்கத் தேவையில்லை.

இப்படியான இயந்திரங்களின் சார்ஜரைத் திருப்பிப் பாருங்கள். 180 வாட், 230 வாட் என்று போட்டிருக்கும். கடுமையான வேலையின்போது உள்ளே போகும் மின்சாரம் முழுவதும் கடைசியில் வெப்பமாகத்தான் வெளியே வருகிறது. பழைய 100 வாட் குண்டு பல்ப்புகள் இரண்டை ஒரு கொப்பியின் தடிப்புள்ள பெட்டிக்குள் எரியவிட்டு மூடியதுபோல என்று வைத்துக்கொள்ளுங்கள். அந்த வெப்பம் சில்லில் இருந்து ஒரு பசை வழியாகச் செப்புத் தகட்டுக்கும், அங்கிருந்து செப்புக் குழாய்கள் வழியாக ஓரத்தில் உள்ள மெல்லிய உலோக இதழ்களுக்கும் போகிறது. விசிறி அடியில் இருந்து காற்றை இழுத்து அந்த இதழ்களுக்கூடாக வெளியே ஊதுகிறது. இந்தச் சங்கிலியில் எந்தக் கண்ணி பழுதானாலும் சூடு ஏறும்.

சில்லின் சூடு 95 அல்லது 100 பாகை செல்சியஸை நெருங்கினால் அது தானாகவே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். வீடியோ வெளியேற வழக்கத்தைவிட நெடுநேரம் எடுக்கிறதென்றால் மென்பொருளைத் திட்டுவதற்கு முன் சூட்டைப் பாருங்கள். எச்டபிள்யூஇன்ஃபோ என்ற இலவசச் செயலி அதைக் காட்டும். குறைத்தும் தாங்காவிட்டால் இயந்திரம் சொல்லாமல் நின்றுவிடும்.

இங்கேதான் எங்கள் ஊரின் பிரச்சினை வருகிறது. விசிறி எவ்வளவு வேகமாகச் சுற்றினாலும் அது இழுப்பது அறையில் உள்ள காற்றைத்தான். அறையைவிடக் குளிராக அது எதையும் ஆக்காது. அறையின் சூடு எட்டுப் பாகை கூடினால் சில்லின் சூடும் ஏறத்தாழ அதே அளவு கூடும். பெரும்பாலான மடிக்கணினிகளுக்குத் தயாரிப்பாளர்கள் குறிப்பிடும் அறை வெப்பநிலையின் மேல் எல்லை 35 பாகை. சித்திரைப் புத்தாண்டை ஒட்டிச் சூரியன் குடாநாட்டுக்கு நேர் மேலே நிற்கும் நாட்களில், சீற் போட்ட அறையொன்றில் மத்தியானம் எத்தனை பாகை இருக்கும் என்று அங்கே இருந்தவர்களுக்குச் சொல்லத் தேவையில்லை.

பழைய நாற்சார் வீடுகளில் நடுமுற்றம் வழியாகச் சூடான காற்று மேலே எழும்பிப் போகும். ஓட்டு இடுக்குகளும் சுவரின் உயரத்தில் விட்ட துளைகளும் அதற்குத் துணை. போருக்குப் பின் கட்டிய சின்ன அறைகளில் அந்த வசதி குறைவு. நுளம்புக்குப் பயந்து யன்னலையும் சாத்திவிடுகிறோம். டெங்குக் காலத்தில் அதைக் குறை சொல்லவும் முடியாது. யன்னலுக்கு வலை அடித்துத் திறந்துவைத்தால் காற்று கொஞ்சம் குறைந்தாலும் பூட்டிய அறையைவிட எவ்வளவோ மேல். இன்னொன்று: கொங்கிறீற் கூரை பகலில் குடித்த வெயிலை இரவு எட்டு, ஒன்பது மணிவரை கக்கிக்கொண்டிருக்கும். மாலையில் குளிர்ந்துவிட்டது என்று நினைத்து அப்போது கடும் வேலையைத் தொடங்குகிறவர்கள் அதிகம். நான் நீண்ட வீடியோக்களை விடிய நாலு மணிக்குப் பிறகுதான் வெளியேற்ற விடுகிறேன். நாளின் மிகக் குளிர்ந்த நேரம் அது.

அடுத்தது இயந்திரம் இருக்கும் இடம். மெத்தையிலும் தலையணையிலும் மடியிலும் வைத்தால் அடித்துளைகள் அடைபடும் என்பது பலருக்குத் தெரியும். பலர் கவனிக்காதது பிளாஸ்ரிக் மேசைவிரிப்பு. விசிறி வேகமெடுக்கும்போது அந்த மெல்லிய விரிப்பை மேலே இழுத்துத் துளைகளில் ஒட்டவைத்துக்கொள்ளும். விரிப்பை எடுத்துவிட்டு வெறும் பலகையில் வையுங்கள். பின்பக்கக் கால்கள் இரண்டுக்கும் கீழே ஒரே உயரமான போத்தல் மூடிகளை வைத்து இரண்டு, மூன்று சென்ரிமீற்றர் உயர்த்துங்கள். இதற்கு ஒரு சதமும் செலவில்லை. பல இயந்திரங்களில் சில பாகைகள் குறைவதைத் திரையிலேயே பார்க்கலாம். சூடான காற்று வெளிவரும் பின்பக்கத்துக்கும் சுவருக்கும் இடையில் ஒரு சாண் இடைவெளி இருக்கட்டும். இல்லாவிட்டால் ஊதிய சூட்டையே அது திரும்ப இழுக்கும். மேசை விசிறியைப் பக்கவாட்டில் அல்லது முன்னால் வையுங்கள். காற்று வெளியேறும் வாசலுக்கு எதிரே வைத்தால் அதைத் தடுப்பதாகவே முடியும்.

கடையில் விற்கும் கூலிங் பாட் பற்றி அடிக்கடி கேட்கிறார்கள். வண்ண விளக்குகளோடு வரும் மலிவானவை போத்தல் மூடி செய்யும் வேலைக்கு மேலே பெரிதாக எதையும் செய்வதில்லை என்பதே என் அபிப்பிராயம். வாங்குவதென்றால் முதலில் லப்ரொப்பைக் கவிழ்த்துத் துளைகள் எங்கே இருக்கின்றன என்று பாருங்கள். பாட்டின் விசிறிகள் அவற்றுக்கு நேரே வராவிட்டால் பயனில்லை. ஓரத்தில் பஞ்சு வளையம் வைத்து, காற்றை வெளியே கசியவிடாமல் துளைகளுக்குள் தள்ளும் வகை உண்மையாகவே சூட்டைக் குறைக்கும். ஆனால் விலையும் இரைச்சலும் அதிகம். தூசியையும் சேர்த்தே தள்ளும். வடிகட்டி இல்லாததை வாங்க வேண்டாம்.

தூசியில் எங்கள் குடாநாடு ஒரே மாதிரி இல்லை. உரும்பிராய், கோண்டாவில், சுன்னாகம் பக்கம் செம்மண். சோளகம் வீசும் மாதங்களில் அது யன்னல் கம்பியில் படிவதைப்போலவே விசிறிக்குள்ளும் படியும். குருநகர், வல்வெட்டித்துறை, தீவகம் போன்ற கரையோரங்களில் உப்புக்காற்று. அது ஈரத்தை இழுத்து உலோகத்தை அரிக்கும். இரண்டு இடங்களிலும் விசிறிக்கும் உலோக இதழ்களுக்கும் இடையில் தலைமயிரும் தூசியும் சேர்ந்து கம்பளி போல ஒரு படை உருவாகும். வெளியில் இருந்து பார்த்தால் தெரியாது. மூன்று மாதத்துக்கு ஒருமுறை துளைகளை மென்மையான பிறஷ்ஷால் துடையுங்கள். வருடத்துக்கு ஒருமுறை அடித்தட்டைத் திறந்து சுத்தம் செய்வது நல்லது. திறக்கும்போது மின்சாரத்தைக் கழற்றி, இயந்திரத்தை முழுமையாக நிறுத்தி, பற்றரி இணைப்பை எடுத்துவிடுங்கள். ஊதும்போது விசிறி இதழை விரலால் அசையாமல் பிடியுங்கள். பலமான காற்றில் அது கட்டுக்கடங்காமல் சுற்றினால் உருளைகள் கெடும். சைக்கிள் கடைக் கொம்பிரசரில் கொண்டுபோய் அடிக்கிற பழக்கம் இங்கே உண்டு. அந்தக் காற்றோடு தண்ணீரும் எண்ணெயும் வரும், அழுத்தமும் மிக அதிகம். கையால் அமத்தும் றப்பர் ஊதுகுழல் போதும்.

சில்லுக்கும் செப்புத் தகட்டுக்கும் இடையில் உள்ள பசை இரண்டு, மூன்று வருடத்தில் காய்ந்துவிடும். சுத்தம் செய்தும் சூடு குறையாவிட்டால் அதை மாற்ற வேண்டும். சில விலை உயர்ந்த மாதிரிகளில் பசைக்குப் பதிலாகத் திரவ உலோகம் இருக்கும். அது மின்சாரத்தைக் கடத்தும். ஒரு துளி தவறி விழுந்தாலே பலகை போய்விடும். உங்களுடைய மாதிரியில் என்ன இருக்கிறது என்று தெரியாமல் யாரையும் திறக்க விடாதீர்கள்.

அமைப்புகளிலும் கொஞ்சம் செய்யலாம். விண்டோஸின் மின்சார அமைப்புகளில் புரொசசரின் உச்ச நிலை 100 வீதம் என்று இருக்கும். அதை 99 ஆக்கினால் பல கணினிகளில் மேலதிக வேகப் பாய்ச்சல் நின்று, சூடு சட்டென்று இறங்கும். வேலை சற்று மெதுவாகும், ஆனால் நின்றுபோகாது. விளையாடுகிற தம்பிமார் காட்சிகளின் எண்ணிக்கையை விநாடிக்கு 60 என்று கட்டுப்படுத்தினால் பெரிய வித்தியாசம் தெரியும்.

1990இல் மின்சாரம் நின்றபின் சைக்கிள் டைனமோவைச் சுற்றி வானொலி கேட்ட தலைமுறைக்கு மின்வெட்டு புதிதல்ல. 2022 மார்ச் இறுதியில் நாளுக்கு 13 மணித்தியால மின்வெட்டை முழு நாடுமே கண்டது. மின்வெட்டில் கவனிக்க வேண்டியது இதுதான்: அறை விசிறி நின்றுவிடும், ஆனால் யுபிஎஸ்ஸில் போட்ட லப்ரொப் அதே வேகத்தில் சூடாகிக்கொண்டிருக்கும். உடனே வேலையைச் சேமித்து, கடும் வேலையை நிறுத்திவிடுங்கள். சார்ஜர் கட்டியும் கொதிக்கும். அதைக் கட்டிலில் போடாமல் சீமெந்துத் தரையில் வையுங்கள்.

நீண்டகாலச் சூட்டில் முதலில் கெடுவது பற்றரி. எப்போதும் மின்சாரத்தில் செருகியே வேலை செய்பவர்கள், தயாரிப்பாளரின் செயலியில் சார்ஜை 80 வீதத்தோடு நிறுத்தும் வசதி இருந்தால் போட்டுக்கொள்ளுங்கள். தொடுதட்டு மேலெழும்பினாலோ, மூடி சரியாக மூடாவிட்டாலோ பற்றரி வீங்கியிருக்கலாம். அதைச் சார்ஜ் பண்ணவோ அழுத்தவோ குத்தவோ கூடாது. நிறுத்திவிட்டு அப்படியே திருத்துபவரிடம் கொண்டுபோங்கள்.

1995 ஒக்ரோபர் இடப்பெயர்வில் பல வீடுகளின் அல்பங்கள் போயின. மிஞ்சிய ஒன்றிரண்டு படங்களை ஸ்கான் பண்ணி இதே லப்ரொப்பில்தான் பலர் வைத்திருக்கிறார்கள். நான் பதிவுசெய்த சில அம்மாக்களின் குரல்களும் அப்படித்தான். அவர்களில் சிலர் இப்போது உயிரோடு இல்லை, திரும்பப் பதிவுசெய்ய முடியாது. ஆகவே சூட்டுக்கு என்ன வைத்தியம் செய்தாலும், கோப்புகளின் ஒரு பிரதியை வெளி ஹாட் டிஸ்க்கிலும், இன்னொன்றை வேறொரு வீட்டிலும் வையுங்கள். வீடியோவை வெளியேற்றும்போது அந்த டிஸ்க்கை லப்ரொப்பின் சூடான காற்று படும் பக்கத்தில் வைக்காதீர்கள்.