வேலை போன தொழிலாளிக்காகப் பேசியவர்கள்

1936-ல் பி.ஏ.சி. ராமசாமி ராஜா ராஜபாளையம் மில்லைத் தொடங்கினார். ஸ்ரீவில்லிபுத்தூர் மடவார் வளாகத்துக்குப் பக்கத்து ஊரான ராஜபாளையம் பஞ்சாலை ஊரானது. ஆனால் மில்லில் ஆட்குறைப்பு என்றால் தொழிலாளிக்கு என்ன கிடைக்கும்?

1953-ல், நாடெங்கும் துணி தேங்கி மில்கள் தள்ளாடியபோதுதான், 1947-ம் வருடத் தொழில் தகராறு சட்டத்தில் பதில் வந்தது. ஒரு மாத நோட்டீஸ், வேலை பார்த்த ஒவ்வொரு வருடத்துக்கும் 15 நாள் சம்பளம்.

அதைக் கேட்டு வாதாட வக்கீல் தேவையில்லை. சமரசப் பேச்சில் வக்கீலுக்கு இடமே கிடையாது. தொழிலாளர் நீதிமன்றத்திலும் எதிர்த்தரப்பு சம்மதித்து, நீதிமன்றமும் அனுமதித்தால்தான் வரலாம். தொழிலாளிக்காகச் சங்க நிர்வாகி பேசுவார். சங்கத்தில் சேராதவருக்கு அதே தொழிலில் உள்ள இன்னொரு தொழிலாளியே பேசலாம்.

ஆனால் பேச்சு மட்டும் போதாது. 12 மாதத்தில் 240 நாள் வேலை பார்த்ததைத் தொழிலாளிதான் நிரூபிக்க வேண்டும் என்றது 2002-ல் உச்ச நீதிமன்றம். வருகைப் பதிவேடு இருப்பதோ முதலாளியிடம்! அதனால் விசாரணைக்கு முன்பே சம்பளச் சீட்டு, ஈ.எஸ்.ஐ. அட்டை, பி.எஃப். சீட்டு எல்லாம் சேர்த்து, மாதவாரியாக நாட்களைக் கூட்ட வேண்டும். பதிவேட்டைக் கொண்டுவரச் சொல்லி மனுவும் போட வேண்டும்.

2025 நவம்பர் 21 முதல் புதிய தொழில் உறவுகள் சட்டம் வந்துவிட்டது. 240 நாள் கணக்கு மாறவில்லை. பழைய சம்பளச் சீட்டைத் தூக்கி எறியாதவருக்கே வழக்கில் பாதி வெற்றி.