பாயில் இல்லாத பெயர்

பெருநாள் நெருங்கும்போது நம்மில் பலருடைய வீடுகளில் பரணிலிருந்து ஒரு பாய் இறங்கும். துணியில் சுற்றிப் பத்திரப்படுத்தப்பட்ட அப்பாயில் மணமக்கள் இருவரின் பெயர்களும் நிக்காஹ் நாளும் நெய்யப்பட்டிருக்கும். "கல்யாணத்துக்கு வந்த பத்தமடைப் பாய்" என்று பெரியவர்கள் பெருமையோடு சொல்வார்கள். நெய்தவர் யார் என்று நாம் கேட்பதில்லை. பாயிலும் அவர் பெயர் இருப்பதில்லை.

பத்தமடை, திருநெல்வேலி மாவட்டத்தில் சேரன்மகாதேவிக்கு அருகிலுள்ள ஊர். அங்கு நம் லெப்பைக் குடும்பங்கள் தலைமுறை தலைமுறையாகக் கோரைப்பாய் நெய்து வருகின்றன. இத்தொழிலின் பெரும்பகுதி பெண்களின் கையில் இருக்கிறது. உம்மம்மா என்றும் வாப்பும்மா என்றும் பெத்தும்மா என்றும் நாம் அழைக்கும் முதியவர்களே அங்கு ஆசிரியர்கள், வீடே பள்ளிக்கூடம்.

தாமிரபரணிப் பாசனப் பகுதியில் விளையும் கோரையைப் பச்சையாக அறுத்து, கீறி, வெயிலில் உலர்த்துவர். பின்னர் ஓடும் நீரில் நாட்கணக்கில் ஊறவைத்து, மீண்டும் உலர்த்திச் சாயமேற்றுவர். முற்காலத்தில் சிவப்பு நிறத்துக்குச் சப்பங்க மரக்கட்டையைக் கொதிக்கவைத்துச் சாயம் எடுத்தனர். கோரையை எவ்வளவு மெல்லிதாகக் கீறுகிறோமோ அவ்வளவு மென்மையாகும் பாய். துணிபோல் மடிக்கத்தக்க 'பட்டுப்பாய்' ஒன்றை முடிக்க வாரக்கணக்கில் ஆகும். பெயர்களைப் பொறிப்பது இன்னும் கடினம். வண்ணக் கோரையை இழை இழையாக எண்ணிக் கோத்தால்தான் எழுத்து உருப்பெறும்; ஓரிழை பிசகினால் பெயர் பிழையாகிவிடும்.

தொழுகைக்கும் அடுப்படிக்கும் இடையே கிடைத்த நேரத்தில், மடியில் பேரப்பிள்ளை உறங்க, பிறர் வீட்டுத் திருமணத்துக்காக இவ்வாறு பாய் நெய்தவர்கள் அப்பெண்கள். 1953-இல் இங்கிலாந்து அரசி எலிசபெத்தின் முடிசூட்டு விழாவுக்குப் பத்தமடைப் பாய் அன்பளிப்பாகச் சென்றது என்ற செய்தி இன்றும் பெருமையோடு பேசப்படுகிறது. 2013-இல் இப்பாய்க்குப் புவிசார் குறியீடும் கிடைத்தது. ஊர்ப்பெயருக்குக் கிடைத்த இப்புகழ், தறியில் அமர்ந்த மூதாட்டியின் பெயரைச் சேரவில்லை.

நம் மார்க்க வரலாற்றில் ஒரு பாட்டியாரும் ஒரு பாயும் இடம்பெற்றிருப்பதை நாம் மறக்கலாகாது. அனஸ் (ரலி) அவர்களின் பாட்டியார் முலைக்கா (ரலி) உணவு சமைத்து நபி (ஸல்) அவர்களை அழைத்தார். உண்டபின் நபியவர்கள் அவ்வீட்டாருக்குத் தொழுகை நடத்த எழுந்தார்கள். நெடுநாள் புழங்கிக் கறுத்திருந்த பாயொன்றில் அனஸ் (ரலி) தண்ணீர் தெளித்து விரித்தார். பாட்டியார் பின்னால் நின்று தொழுதார். புகாரியில் பதிவான இச்செய்தியில் அம்மூதாட்டியின் பெயர் இருக்கிறது. விருந்தளித்த ஒரு பாட்டியின் பெயரைப் பதினான்கு நூற்றாண்டுகளாகக் காத்துவந்த சமுதாயம் நாம்.

இன்று பிளாஸ்டிக் பாய் மலிவாகக் கிடைக்கிறது. கைநெசவுக்குக் கிடைக்கும் கூலி, செலவிடும் நாட்களுக்கு ஈடாவதில்லை. எனவே பேத்திகள் தறியைவிட்டுக் கல்லூரிக்குச் செல்கின்றனர். அதை நாம் குறைகூற முடியாது, வரவேற்கவே வேண்டும். ஆனால் தறியில் அமர்ந்திருந்தவர் மறையும்போது, கோரையின் பதம் பார்க்கும் அறிவும் அவரோடு மறைந்துவிடும்.

நம்மால் ஆகக்கூடியவை சில உண்டு. திருமணத்துக்குப் பாய் சொல்லும்போது பேரம் பேசாதிருப்போம். வியர்வை உலருமுன் கூலியைக் கொடுக்கச் சொன்ன மார்க்கம் நம்முடையது. பாயின் ஓரத்தில் நெய்தவரின் பெயரையும் சேர்க்கச் சொல்வோம். பெருநாள் விடுமுறையில் பிள்ளைகளை உம்மம்மாவின் அருகில் அமர்த்துவோம். அவர் பின்னிய தொப்பி, தைத்த தலையணை உறை, முடைந்த ஓலைப்பெட்டி ஆகியவற்றை எடுத்துவைத்து, எப்போது, யாருக்காகச் செய்தார் என்று கேட்டு எழுதிக்கொள்ளச் சொல்வோம்.

அடுத்த பெருநாளுக்கு அந்தப் பாயை விரிக்கும்போது, "இது யார் நெய்தது?" என்று பிள்ளை கேட்டால், சொல்ல நம்மிடம் ஒரு பெயர் இருக்கட்டும். அந்தக் கைகளுக்கு அல்லாஹ் பரக்கத் செய்வானாக! ஆமீன்.