உளி கேட்ட கேள்வி

கிரேக்கச் சிற்பி முதலில் எகிப்திடம் பாடம் கேட்டான். கி.மு. 600 அளவில் செதுக்கப்பட்டு, இன்று நியூயார்க் மெட்ரோபாலிடன் கலைக்கூடத்திலே நிற்கும் இளைஞன் சிலையைப் பாருங்கள். விறைத்த தோள், இறுகிய கைகள், முன்னே வைத்த இடக்கால். கால் முன்னே சென்றிருக்கிறது; ஆனால் ஆள் நடக்கவில்லை! இடுப்பிலே அசைவில்லை. வாய்பாட்டை ஒப்பிக்கும் சிறுவனைப்போல, வழிவழி வந்த அளவை ஒப்பித்திருக்கிறது உளி.

முன்னோர் வகுத்ததை மாற்றலாகாது என்று அவன் அங்கேயே நின்றுவிட்டானா? இல்லை. எதிரே நின்ற மனிதனைப் பார்த்தான், கல்லைப் பார்த்தான், வேறுபாட்டைக் கண்டான், திருத்தினான். ஏதென்சு நகரின் அக்ரோபோலிஸ் குன்றிலே கிடைத்த 'கிரிட்டியோஸ் சிறுவன்' கி.மு. 480ஐ ஒட்டியவன். உடலின் எடையை ஒரு கால் தாங்குகிறது, மறுகால் தளர்கிறது, இடுப்பு சற்றே சாய்கிறது, தலை மெல்லத் திரும்புகிறது. சிறு சாய்வுதான்! அதைக் காண நூறாண்டுக்கு மேல் ஆயிற்று.

அதே காலப்பகுதியிலே வாழ்ந்த செனோபனிஸ் என்னும் அறிஞன், மாட்டுக்கும் குதிரைக்கும் கையிருந்தால் அவை தம் உருவிலேயே கடவுளரை வரையும் என்று துணிந்து சொன்னான். சிற்பிகள் செதுக்கியவற்றுள் பல கடவுளர் உருவங்களே. ஆனால் அவற்றுக்கு எலும்பும் தசையும் தந்தவன் மனிதன்.

பின்னர், கி.மு. 440 அளவில், பாலிக்ளைட்டஸ் உடலின் அளவுகளைக் கணக்கிட்டு நூலே எழுதினான். அந்த இலக்கணமாவது நிலைத்ததா? அடுத்த நூற்றாண்டிலே லிசிப்பஸ் தலையைச் சிறிதாக்கி, உடலை மெலிதாக்கி, அதையும் மாற்றினான். நல்ல விதியும் கேள்விக்கு அப்பாற்பட்டதன்று!

1885இல் ரோம் நகரிலே வெண்கலக் குத்துச்சண்டை வீரன் ஒருவன் மண்ணிலிருந்து வெளிவந்தான். உடைந்த மூக்கு, வீங்கிய காது, செம்பு பதித்துக் காட்டிய குருதி. அழகனை மட்டுமே போற்றிய கலை, அடிபட்டவனையும் அமர வைத்துப் பார்த்தது.

எனினும் ஒன்றை மறைத்தல் ஆகாது. இச்சிலைகளுள் சில எழுந்த ஏதென்சிலேதான், லாரியம் வெள்ளிச் சுரங்கங்களில் அடிமைகள் உழன்றனர். பிறவியிலேயே சிலர் அடிமைகள் என்று வாதிட்டவன் பேரறிஞன் அரிஸ்டாட்டில்! இடுப்பின் சாய்வைக் கண்ட கண்கள், விலங்கிட்ட காலைக் கண்டும் காணாதிருந்தன.

சிற்பி வழிவழி வந்த அளவை மனிதனோடு ஒப்பிட்டுத் திருத்தினான். பிறப்பால் உயர்வு தாழ்வு என்னும் அளவையும் அவ்வாறே மனிதனோடு ஒப்பிட்டுத் திருத்துவது நம் கடன், தோழர்களே!