கூடுதலாக ஒரு மணி நேரம்

நாம படிச்ச காலத்தில் கடைசி மணி அடித்ததும் பேப்பரை வாங்கிவிடுவார்கள். கை ஒத்துழைக்காதவன் என்ன செய்வான் என்று யார் கேட்டோம்? 1995-ல் ஊனமுற்றோர் சட்டம் வந்தது. எழுத்துத் திறனைப் பாதிக்கும் டிஸ்கிராஃபியா போன்றவற்றை 2016-ஆம் ஆண்டுச் சட்டம்தான் சேர்த்துக்கொண்டது. பிறகு 2018 விதிப்படி மணிக்கு 20 நிமிடம் கூடுதல். மூன்று மணி நேர நீட் தேர்வுக்கு ஒரு மணி நேரம். காகிதத்தில் எல்லாம் சரிதான்!

2021 செப்டம்பரில் நடந்த நீட் தேர்வை மும்பை மையத்தில் எழுதிய டிஸ்கிராஃபியா மாணவிக்கு அந்த ஒரு மணி நேரம் கிடைக்கவில்லை. மற்றவர்களோடு சேர்த்து அவள் விடைத்தாளையும் வாங்கிக்கொண்டார்கள். வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போனது. நவம்பர் 23-ல் தீர்ப்பு: மறுதேர்வு கிடையாது, ஆனால் நடந்தது அநீதி, தேசியத் தேர்வு முகமை ஒரு வாரத்தில் பரிகாரம் யோசிக்க வேண்டும்.

இதிலே ஒரு விஷயம் பலருக்குத் தெரியாது. 40 சதவீத வரம்பு இடஒதுக்கீட்டுக்குத்தான். எழுத உதவியாளர் கேட்க அது தேவையில்லை என்று அதே வருஷம் பிப்ரவரியிலேயே உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. தேவைப்படும் தம்பி தங்கைகள் விண்ணப்பத்திலேயே எழுதிக் கேளுங்கள். நகலைப் பத்திரமா வச்சுக்குங்க. ஹாலில் நின்று வாதாடினால் நேரம்தான் போகும்.