மானிடவாதத்தின் தோற்றமும் மலைநாட்டு வாய்மொழியும்

1453ஆம் ஆண்டிலே கொன்ஸ்தாந்திநோப்பிள் நகர் துருக்கியர் வசமாயிற்று. ஆங்கிருந்து அறிஞர் இத்தாலிக்கு ஓடிவந்தனர். அதனால் மறுமலர்ச்சி தோன்றிற்று. பாடநூல்கள் பல இவ்வாறு கூறிவந்தன. ஆனால், மறுமலர்ச்சியின் உயிர்நாடியாகிய மானிடவாதத்தின் தந்தையெனப் போற்றப்படும் பெற்றாக் என்னும் புலவர் 1374ஆம் ஆண்டிலேயே மறைந்துவிட்டார். காரணத்துக்கு முன்னே காரியம் நிகழுமோ? ஆகவே அதன் தோற்றத்தை வேறிடத்தே தேடல் வேண்டும்.

புளோரன்ஸ் முதலிய வட இத்தாலிய நகரங்கள் வாணிகத்தாற் செழித்துத் தம்மைத் தாமே ஆண்டுவந்தன. திருமுகம் வரையவும் அவையிற் பேசவும் வல்லார் அந்நகரங்களுக்கு வேண்டப்பட்டனர். அன்னோர் பண்டை உரோமரின் இலத்தீன் நடையை முன்மாதிரியாகக் கொண்டனர். பெற்றாக் 1345ஆம் ஆண்டில் வெரோனா நகரத் தேவாலய நூலகத்திலே சிசரோவின் கடிதங்களைக் கண்டெடுத்தார். 1397இல் கிறிசொலோரஸ் என்பார் புளோரன்சிலே கிரேக்கம் கற்பிக்கத் தொடங்கினார். நூல் தேடும் வேட்கை மடங்கள்தோறும் பரவிற்று.

இலக்கணம், சொல்வன்மை, செய்யுள், வரலாறு, ஒழுக்கவியல் என்னும் ஐந்தும் மனிதனை மனிதனாக்கும் கல்வி என மானிடவாதிகள் கொண்டனர். பழமையைப் போற்றினராயினும் பழமை என்பதற்காகவே எதனையும் ஏற்றாரல்லர். பேரரசன் கொன்ஸ்தாந்தின் மேலை நாடுகளைப் பாப்பரசருக்கு அளித்ததாகக் கூறும் சாசனம் பிற்காலத்தார் புனைந்தது என்பதை, 1440இல் லொரென்சோ வல்லா அதன் மொழிநடை கொண்டே நிறுவினார். மனிதன் தன் நிலையைத் தானே தெரிந்துகொள்ளும் உரிமையுடையான் என்பதே அவன் மாண்பு என 1486இல் பிக்கோ எழுதினார்.

இத்தகைய தேட்டம் தமிழகத்திலும் நிகழ்ந்தது. யாழ்ப்பாணத்துச் சிறுப்பிட்டியிற் பிறந்த சி. வை. தாமோதரம்பிள்ளை, தொட்டால் ஒடியும் ஏடுகளைத் தேடி ஒப்புநோக்கி, 1885இல் தொல்காப்பியப் பொருளதிகாரத்தையும் 1887இல் கலித்தொகையையும் அச்சேற்றினார். உ. வே. சாமிநாதையர் 1894இற் புறநானூற்றை வெளியிட்டார். தமிழர் தம் பண்டை வாழ்வைத் தாமே கற்றறிதற்கு இப்பதிப்புகள் வழி திறந்தன.

ஆயினும் இத்தாலியிலும் தமிழகத்திலும் தேடப்பட்டவை எழுத்திலே இருந்தவை. ஏடு எழுதாத மக்களின் உள்ளத்தை எந்த நூலகத்திலே தேடுவது? கோப்பித் தோட்டங்களுக்கும், 1867இன் பின்னர்த் தேயிலைத் தோட்டங்களுக்கும் வந்துசேர்ந்த தமிழ்த் தொழிலாளர் விட்டுச் சென்ற செல்வம் பாடலேயாம். தாலாட்டிலும் ஒப்பாரியிலும், கொழுந்து பறிக்குங்கால் எழுந்த பாட்டிலும் அவர்தம் வரலாறு அடங்கிக் கிடந்தது. 1948ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டத்தால் இம்மக்களுட் பெரும்பாலோர் நாடற்றோராயினர். மடகொம்பரைத் தோட்டத்திற் பிறந்து, 1947இல் தலவாக்கலைத் தொகுதியின் பாராளுமன்ற உறுப்பினரான சி. வி. வேலுப்பிள்ளை, இப்பாடல்களைத் தேடித் தொகுத்தார். அவருடைய ‘மலைநாட்டு மக்கள் பாடல்’ 1983இல் வெளிவந்தது. சட்டம் குடிமகனென ஏற்க மறுத்தவனையும் வாழ்வும் வாக்கும் உடைய மனிதனாக அந்நூல் காட்டிற்று. பிக்கோ கூறிய மாண்பு கற்றோர்க்கு மட்டும் உரியதன்று என்பதற்கு இதனினும் சிறந்த சான்று வேண்டுமோ?

1960களில் எழுந்த மவுசாக்கலை நீர்த்தேக்கத்துள் பழைய மஸ்கெலியா நகரம் மூழ்கியது. கடும் வறட்சியில் நீர் வற்றுங்கால் அந்நகரத்துப் பழைய கோயில் வெளிப்படுகின்றது; மக்கள் சென்று கண்டு மீள்கின்றனர். முதியோருடன் மறையும் பாட்டோ எந்த வறட்சியிலும் மீள்வதில்லை. சிசரோவின் கடிதங்கள் நூற்றாண்டுகள் பல காத்திருந்தன. வாய்மொழி அவ்வாறு காத்திராது. ஆதலின் தோட்டத்து முதியோரிடஞ் சென்று கேட்டெழுதுதல் மலைநாட்டு மாணவர்க்கு வாய்த்த மானிடவாதப் பணியாகும். அதனை நாளைக்கென ஒத்திவைத்தல் ஆகாது.